பெட்ரோல் வாடை அடிக்கிற பழைய ஆம்னிய புகை டெஸ்ட்ல பாஸ் பண்ண வைக்கிறது எப்புடி

மாமாவோட வண்டி 2012 மாடல் ஆம்னி, விடியக்காலம் மூணு மணிக்கு உசிலம்பட்டி பக்கத்துல இருந்து மல்லிய ஏத்திக்கிட்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போற வண்டி. ரெண்டு மாசமா உள்ள பெட்ரோல் வாடை. கமிஷன் கடைக்காரர் ஒருநா ஒரு கை பூவ அள்ளி மோந்து பாத்துட்டு "என்னண்ணே இது மல்லியா மண்ணெண்ணெயா"ன்னு கேட்டுட்டாராம். அதக்கூட மாமா சிரிச்சுட்டு விட்டுட்டாரு, புகை டெஸ்ட்ல ஃபெயில் ஆனப்புறந்தான் எனக்குப் போனு.

ஸ்லிப்ப வாங்கிப் பாத்தா சிஓ (கார்பன் மோனாக்சைடு) 1.4, ஹெச்சி (ஹைட்ரோகார்பன், எரியாம வர்ற பெட்ரோல்) 820. இந்த வண்டி பிஎஸ் 3 (பாரத் ஸ்டேஜ், அரசாங்கத்தோட புகை விதி), அதுக்கு சிஓ 0.5 சதவீதம், ஹெச்சி 750 பிபிஎம் தான் லிமிட்டு. பிஎஸ் 4 வண்டின்னா இன்னும் கறார், 0.3, 200. பிஎஸ் 3 வண்டிக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா சர்ட்டிபிகேட் எடுத்தே ஆகணும், இல்லாம மாட்டுனா 2019 திருத்தத்துக்கு அப்புறம் பத்தாயிரம் வரைக்கும் ஃபைன் போகும், சும்மா இல்ல.

இங்க நெறைய பேரு குழம்புறது ஒரு விஷயத்துல. நம்ம ஊரு டெஸ்ட்டுல குழாய சைலன்சர்லதான் விடுவாங்க, டேங்க்ல ஆவி கசியுதான்னு யாரும் பாக்க மாட்டாங்க. அமெரிக்காக்காரன் வீடியோ பாத்தீங்கன்னா புகை மிஷின் வச்சு அர மில்லிமீட்டர் ஓட்டையக்கூட தேடுவான், அங்க அந்த ஓட்டைக்கே இன்ஜின் லைட் எரியும். நமக்கு அது இல்ல. ஆனா ஆவி லைன்ல கோளாறு வந்தா அது சுத்தி வந்து சைலன்சர்லயே காட்டும், அதான் மேட்டரு.

எப்புடின்னா, வெயில்ல டேங்க்ல கிளம்புற ஆவி ஒரு ஹோஸ் வழியா கரி டப்பாவுக்குப் போகும், கேனிஸ்டர்ம்பாங்க. உள்ள இருக்குற கரி அந்த ஆவிய புடிச்சு வச்சுக்கும். வண்டி ஓடி சூடானப்புறம் பர்ஜ் வால்வுன்னு ஒரு சின்ன கரண்ட் வால்வு தொறந்து அந்த ஆவிய இன்ஜின் உறிஞ்சி எரிச்சிடும். இந்த வால்வு தொறந்தபடியே சிக்கிக்கிச்சுன்னா ஐடில்லயும் (ஆக்சிலேட்டர மிதிக்காம ஓடுறப்பவும்) ஆவி உள்ள போய்க்கிட்டே இருக்கும், கலவை கெட்டியாகி, அதாவது பெட்ரோல் கூடிப்போயி, சிஓ எகிறிடும். மாறா ஹோஸ் வெடிச்சு வெறுங்காத்து உள்ள போனா கலவை வெளுத்து, அதாவது பெட்ரோல் கொறைஞ்சு, இன்ஜின் மிஸ்ஸடிச்சு ஹெச்சி ஏறும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, அதனால ஸ்லிப்ப தூக்கிப் போட்டுறாதீங்க.

வேலைக்கு முன்னாடி ஒண்ணு. நிழலா காத்தோட்டமான எடத்துல நிறுத்துங்க, குழிக்கு மேல வேணாம், பெட்ரோல் ஆவி காத்தவிட கனம், குழிக்குள்ள போயி தேங்கிக்கும். இன்ஜின் நல்லா ஆறட்டும், பேட்டரி நெகட்டிவ கழட்டிருங்க (இன்ஜின ஓட விட்டுப் பாக்குறப்ப மட்டும் மாட்டிக்கலாம்), எல்இடி டார்ச் மட்டும், பீடி சிகரெட் காரங்கள டீக்கடைக்கு அனுப்பிருங்க. டேங்க்லயோ பைப்லயோ ஈரமா சொட்டுச்சுன்னா அது ஆவி கேஸ் இல்ல, அப்புடியே நிறுத்திட்டு மெக்கானிக்க வரச் சொல்லுங்க. கேஸ் கிட் போட்ட ஆம்னின்னா மொதல்ல அது கேஸ் வாடையா பெட்ரோல் வாடையான்னு தெரிஞ்சுக்கங்க, கேஸ்ன்னா அந்த ஆளுகதான் தொடணும்.

மொதல்ல மூடி. பெட்ரோல் மூடியத் தொறந்து உள்ள இருக்குற ரப்பர் வளையத்த நகத்தால அமுக்கிப் பாருங்க, அமுங்கித் திரும்ப எந்திரிக்கணும். மாமா வண்டியில அது அப்பளம் மாதிரி வெறைச்சுக் கெடந்துச்சு, வளைச்சா ஓரத்துல மயிரிழை மயிரிழையா வெடிப்பு. புது மூடி வாங்குறப்ப அந்த மாடலுக்குன்னு வர்றதா வாங்குங்க, வால்வு இல்லாத மொட்ட மூடி மாட்டுனா வேற தொல்லை வரும்.

அடுத்து ஹோஸ். டேங்க்ல இருந்து கேனிஸ்டர், அங்கருந்து இன்ஜின், இந்தப் பாதைய கையால தடவிக்கிட்டே போங்க. கேனிஸ்டர் எங்க இருக்குங்கறது மாடலுக்கு மாடல் மாறும், ஹோஸப் புடிச்சுப் போனா தானா வந்துரும். வளைவுலயும் கிளிப்புக்குக் கீழயுந்தான் வெடிக்கும், நெல்லு மூட்ட கிட்ட நிறுத்துற வண்டின்னா எலி கடிச்ச பல்லுத்தடமும் இருக்கும். இப்ப பங்க்ல வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது, பத்து வருச ஹோஸ்ன்னா யோசிக்காம மாத்துங்க. பெட்ரோலுக்குன்னே வர்ற ஹோஸ் கேட்டு வாங்குங்க, கொத்தனார் லெவல் டியூப்ப மாட்டிட்டு "நல்லாத்தான இருக்கு"ன்னு சொன்னவங்கள பாத்திருக்கேன், கொஞ்ச நாள்ல குச்சி மாதிரி வெறைச்சு முறியும்.

கேனிஸ்டர்ல வெளிக்காத்து வாங்குற ஓட்டை ஒண்ணு இருக்கும், அதையும் பாருங்க. எங்க வண்டியில அதுக்குள்ள குளவி மண்ணு வச்சுக் கூடு கட்டியிருந்துச்சு. அது அடைச்சா டேங்க்குக்கு மூச்சு முட்டும், மூடியத் தொறந்தா உஸ்ஸுன்னு காத்த இழுக்கும், பங்க்ல பெட்ரோல் போடுறப்ப நாசில் டக்கு டக்குன்னு நின்னுக்கிட்டே இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத லீக்குக்கு ஒரு வழி. ஒரு சித்தப்பா சாம்பிராணி புகையக் குழாய்க்குள்ள விட்டுப் பாக்கலாம்னாரு. ஐயா சாமி வேணாம், டேங்க்குக்குப் பக்கத்துல தணல் வைக்கிறதும் வெடி வைக்கிறதும் ஒண்ணுதான். பஞ்சர் கடை கம்ப்ரசரும் வேணாம், டேங்க் உப்பிரும். நான் பண்ணது, பழைய பிபி மிஷினோட ரப்பர் பந்தும் மீட்டரும். கேனிஸ்டருக்கு வர்ற டேங்க் ஹோஸக் கழட்டி அதுல மாட்டி, மூடிய இறுக்கிட்டு, மெதுவா அமுக்கி முள்ளு 20ல நிக்கிற மாதிரி வச்சேன், 25 தாண்டக் கூடாது. டேங்க் பாதிக்கு மேல நெறஞ்சிருந்தா சீக்கிரம் ஏறும். அஞ்சு நிமிசம் முள்ளு நின்னா ஓகே, எறங்குனா சோப்புத் தண்ணிய பிரஷ்ல தொட்டு மூடி, கிளிப்பு, ஹோஸ் எல்லாம் தடவுங்க, மொட்டு மொட்டா நுரை வர்ற எடம் உங்க எடம். இத காலைல பாருங்க, வெயில் ஏறிருச்சுன்னா பெட்ரோலே சூடாகி முள்ள மேல தள்ளி ஏமாத்தும். எங்களுக்கு டேங்க் தலைல இருந்த ஒரு கிளிப்புக்கிட்ட நுரை வந்துச்சு, வண்டிக்குள்ள அடிச்ச வாடை அதுதான்.

ஆனா சிஓ ஏறுனதுக்குக் காரணம் அது இல்ல, பர்ஜ் வால்வு. இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காத்து போற குழாய்) பக்கத்துல ரெண்டு ஹோஸும் ஒரு ரெண்டு வயர் பிளக்கும் உள்ள சின்ன சாமான். இன்ஜின் குளுந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, கேனிஸ்டர் பக்கத்து ஹோஸ வால்வுல இருந்து உருவி அந்த மூக்குல வெரல வைங்க. குளுந்த இன்ஜின்ல அது மூடியிருக்கணும், வெரல உறிஞ்சக் கூடாது. உறிஞ்சுனா வயர் பிளக்கக் கழட்டிப் பாருங்க, அப்பவும் உறிஞ்சுனா வால்வு போச்சு, நின்னுட்டா வயரிங் கோளாறு. பங்க்ல பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆகத் திணறுதுன்னாலும் இதத்தான் சந்தேகப்படணும், மாமா அத ஆறு மாசமா "சோக் இல்லாததால"ன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு, எம்பிஎஃப்ஐ வண்டில, அதான் கார்பரேட்டர் இல்லாம இன்ஜெக்டர் பெட்ரோலப் பீச்சுற வண்டில, சோக் எங்க இருக்கு.

எங்க வால்வு அப்பவும் உறிஞ்சுச்சு. கழட்டி உள்ளங்கைல தட்டுனேன், மிளகுத்தூள் மாதிரி கரித்துகள் கொட்டுச்சு. அப்ப கேனிஸ்டரும் உள்ள ஒடைஞ்சிருக்குன்னு அர்த்தம். வால்வ மட்டும் மாத்துனா அதே கரி வந்து புது வால்வுலயும் சிக்கிக்கும், அதனால கேனிஸ்டர், வால்வு ரெண்டையும் மாத்தி, நடுவுல இருக்குற ஹோஸையும் புதுசாப் போட்டோம். கேனிஸ்டர் ஒடைஞ்சதுக்கு மாமாதான் காரணம். நாசில் கட் ஆனப்புறமும் "ரவுண்டா போடுப்பா"ன்னு தொண்டை வரைக்கும் ரொப்புவாரு, பெட்ரோலே வழிஞ்சு கேனிஸ்டருக்குள்ள போய் கரி ஊறிப்போச்சு.

இதுக்கு நடுவுல ஒரு பட்டறைல கேனிஸ்டர் ஹோஸுக்குள்ள ஒரு போல்ட்டச் சொருகி கிளிப்புப் போட்டு "சரியாயிருச்சு"ன்னு காசு வாங்கியிருக்காங்க, யாருன்னு வேணாம். லீக்க அடைக்கலாம், டேங்க்கோட மூச்ச அடைக்கக் கூடாது. ஒரே ஒரு எடத்துல அடைக்கிறது பிரயோஜனம், சோதனைக்கு. மேனிஃபோல்டு பக்கத்து மூக்க ரப்பர் மூடி போட்டு அடைச்சிட்டு டெஸ்ட் சென்டர்ல ஒருக்கா சும்மா ரீடிங் பாக்கச் சொல்லுங்க, சிஓ சட்டுன்னு எறங்குனா வால்வு வாங்க தைரியமா காசு செலவு பண்ணலாம். எறங்கலையா, ஏர் ஃபில்டர், பிளக், ஆக்சிஜன் சென்சார் பக்கம் போங்க.

டெஸ்ட்டுக்குப் போற அன்னைக்கு வீட்டு வாசல்ல இருந்து நேரா போகாதீங்க. திருமங்கலத்துல இருந்து பழங்காநத்தம் வரைக்கும் ஓட்டி, சைலன்சர்ல இருக்குற கேட்டலிடிக் கன்வர்ட்டர் (புகைய சுத்தம் பண்ற டப்பா) நல்லா சூடானப்புறம் உள்ள விட்டோம், வரிசை இருந்தா இன்ஜின ஆஃப் பண்ணாதீங்க. ரீடிங் சிஓ 0.21, ஹெச்சி 160. மாமா ஸ்லிப்ப மடிச்சு சட்டைப்பைல வச்சுட்டு, போற வழில பங்க்குக்குள்ள வண்டிய விட்டாரு. நாசில் கட் ஆச்சு. பையன் இன்னும் கொஞ்சம் அமுக்கப் போனான், "போதும்ப்பா"ன்னாரு, என்னப் பாக்காமலே.