நல்ல கேமரா இருந்தும் வீடியோ காலில் முகம் இருட்டா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் பல வீடுகளில் பீரோவுக்குள் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா தூங்கிக்கொண்டிருக்கும். குழந்தை பிறந்தபோது வாங்கியதாக இருக்கும், இல்லையென்றால் வீட்டில் யாராவது கல்யாண போட்டோ ஆர்டர் எடுப்பவராக இருப்பார்கள். லேப்டாப் கேமராவில் முகம் மங்கலாகத் தெரிகிறது என்றதும், அதையே எடுத்து மாட்டிவிடலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் மாட்டிய பிறகு முன்பைவிட மோசமாகத் தெரிவதும் உண்டு. போட்டோ எடுக்கும் பழக்கத்தை அப்படியே வீடியோ காலுக்குக் கொண்டுவருவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். போட்டோவுக்கு அந்த ஒரு நொடி சரியாக இருந்தால் போதும். காலுக்கு ஒரு மணி நேரம் முழுக்கச் சரியாக இருக்க வேண்டும்.

கேமராவைத் தொடுவதற்கு முன் வெளிச்சத்தைப் பாருங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பின்னால் ஜன்னல் பளிச்சென்று இருந்தால், கேமரா படம் முழுவதையும் கணக்கிட்டு வெளிச்சத்தைக் குறைக்கும். முகம் கறுத்துப்போகும். ஐம்பதாயிரம் ரூபாய் கேமரா வைத்தாலும் ஆட்டோ மோடில் விட்டால் கிட்டத்தட்ட இதே கதைதான். மேசையைத் திருப்பிப் போட்டு ஜன்னல் முகத்துக்கு எதிரிலோ பக்கவாட்டிலோ வருமாறு உட்காருங்கள். இதற்குப் பைசா செலவில்லை. நான் சொல்லப்போவதில் மிகப் பெரிய பலன் தருவதும் இதுதான்.

மேற்கு பார்த்த ஜன்னலாக இருந்தால் மதியத்துக்கு மேல் சேலத்து வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மூக்கின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. ஜன்னலில் ஒரு வெள்ளைப் பருத்தி வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டிவிட்டால் வெளிச்சம் பரவி மென்மையாகிவிடும். ஸ்டுடியோவில் சாஃப்ட்பாக்ஸ் செய்வதும் இதே வேலைதான்.

ஏற்காட்டில் பிரச்சினை வேறு மாதிரி. பனிமூட்டம் இருக்கும்போது அங்கே ஜன்னல் வெளிச்சம் முகத்துக்கு அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் அது நிலையாக நிற்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே மூட்டம் விலகி வெயில் வரும், அடுத்த சில நிமிடங்களில் மறுபடி மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கேமரா வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க, எதிரில் இருப்பவருக்கு உங்கள் முகம் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் மாறி மாறிப் போவதுபோல் தெரியும். அங்கே திரையைப் பாதி இழுத்துவிட்டு ஒரு எல்இடி விளக்கை முதன்மை வெளிச்சமாக வைத்துக்கொள்வதே நல்லது. ஜன்னல் துணைக்கு இருக்கட்டும்.

விளக்கு வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் கெல்வின் எண்ணைப் பாருங்கள், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு அது. பகல் வெளிச்சம் சுமார் 5,500 கெல்வின். கடையில் ‘கூல் டே லைட்’ என்று கொடுப்பது பெரும்பாலும் 6,500, ‘வார்ம் வைட்’ என்றால் 2,700 முதல் 3,000 வரை. பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து மஞ்சள் பல்பையும் போட்டால் ஒரு கன்னம் நீலமாகவும் மற்றது ஆரஞ்சாகவும் வரும். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானே திருத்தும் எந்த ஆட்டோ ஒயிட் பேலன்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது. ஒரே நிற வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கேமராவின் ஒயிட் பேலன்ஸையும் அதற்கேற்றபடி நிறுத்திவிடுங்கள். சுவர் நிறமும் முகத்தில் விழும். கிளிப்பச்சைச் சுவரை ஒட்டி உட்கார்ந்தால் கழுத்தும் தாடையும் பச்சையடிக்கும். அந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தி வைத்தால் பச்சை மறைவதோடு, நிழல் விழும் கன்னத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும்.

இன்னொன்று நம் வீடுகளுக்கே உரியது. விளக்கு சீலிங்கில் இருக்கும், அதற்குக் கீழே ஃபேன் சுற்றும். இறக்கைகள் வெளிச்சத்தை வெட்டி வெட்டி விடுவதால் முகத்தில் நிழல் துடித்துக்கொண்டே இருக்கும். நேரில் நம் கண் இதைப் பழகிக்கொள்கிறது, கேமரா விடாது. கேமரா கோளாறு என்று நினைத்து செட்டிங்கை நோண்டிக்கொண்டிருப்பார்கள். சீலிங் விளக்கை அணைத்துவிட்டு, ஃபேன் இறக்கைக்குக் கீழே இருக்கும் ஒரு ஸ்டாண்டு விளக்கைப் போட்டால் போதும்.

ஃபேனை நிறுத்தியும் படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னும். கேமராவின் ஃபிளிக்கர் அமைப்பு 60 ஹெர்ட்ஸில் இருந்தால் பட்டை வரும். அதை 50க்கு மாற்றுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். போட்டோவுக்குப் பழகிய கை 1/200, 1/250 என்று போகும், காலுக்கு அது வேண்டாம்.

கல்யாண போட்டோ வேலை செய்பவர்கள் வீட்டில் ஃபிளாஷும் அதன் வெளிச்சத்தைப் பரப்பும் குடையும் இருக்கும். ஃபிளாஷ் ஒரு கணம் மட்டும் அடிப்பது, காலுக்கு உதவாது. அதில் தொடர்ந்து எரியும் சின்ன மாடலிங் விளக்கு பெரும்பாலும் போதாது. பழைய வீடியோ ஹாலஜன் விளக்கை எடுத்து வருபவர்களும் உண்டு. 1,000 வாட் விளக்கைச் சித்திரை மாதம் சின்ன அறையில் ஏற்றிவைத்து ஒரு மணி நேரம் உட்கார முடியாது. அதற்கு முன்னால் துணி கட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். தொடர்ந்து எரியும் எல்இடி பேனல் ஒன்று போதும். கண் மட்டத்துக்கு மேலே, முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில், முன்னால் ஒரு மெல்லிய வெள்ளைப் படுதாவோடு. முடிந்த அளவு கிட்டத்தில் வையுங்கள், விளக்கு நெருங்க நெருங்க நிழல் மென்மையாகும். கண்ணாடி போட்டவர்கள் ரிங் லைட்டை நேர் எதிரில் வைத்தால் இரண்டு கண்ணிலும் வெள்ளை வளையம்தான் தெரியும். அதைக் கொஞ்சம் உயர்த்தி ஒதுக்கினால் வளையம் போய்விடும்.

இப்போது கேமராவுக்கு வருவோம். பின்னணி மங்கலாக வேண்டும் என்ற ஆசையில் 50 எம்எம் லென்ஸின் துவாரத்தை எஃப் 1.8 என்று அகலமாகத் திறந்து வைப்பது பெரிய பொறி. சாதாரண டிஎஸ்எல்ஆரில் ஒரு மீட்டர் தூரத்தில் அந்த அமைப்பில் கூர்மையாக இருக்கும் ஆழம் மூன்று சென்டிமீட்டருக்குள்தான். கண் தெளிவாக இருந்தால் காது இருக்காது, கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் கண்ணும் போய்விடும். பாதிப் படத்துக்கு முகமே வந்துவிடும், தள்ளி வைக்க அறையில் இடமும் இருக்காது. கேமராவோடு வந்த 18-55 லென்ஸையே 24 எம்எம்மில், எஃப் 4 அளவில் வையுங்கள். 25 சென்டிமீட்டர் அளவுக்கு ஆழம் கிடைக்கும், தலையை ஆட்டிப் பேசலாம். பழைய மாடல்களில் லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில் படம் ஓடும் முறையில், ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அதைவிட ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, கண்ணில் ஃபோகஸ் வைத்து, நாற்காலியை நகர்த்தாமல் உட்காருவது நிம்மதி.

கேமராவின் எச்டிஎம்ஐ படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டு என்ற கருவியை வாங்க ஓடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். 2020இல் கொரோனா ஊரடங்கு சமயத்தில் கேனான், நிக்கான், சோனி, ஃபியூஜிஃபில்ம் நிறுவனங்கள் யூஎஸ்பி கேபிள் வழியாகவே கேமராவை வெப்கேமாக்கும் மென்பொருளை வெளியிட்டன. உங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இருந்தால் கார்டு தேவைப்படாமல் போகலாம். கார்டுதான் வழி என்றால், எச்டிஎம்ஐ வெளியீட்டில் பேட்டரி குறி, ஃபோகஸ் கட்டம் எல்லாம் சேர்ந்து வருகிறதா என்று டிவியில் சொருகிப் பாருங்கள். அதை நீக்க முடியாத மாடல் காலுக்குச் சரிப்படாது. கேமரா பக்கத்து முனை மினியா மைக்ரோவா என்பதையும் பார்த்துவிட்டுக் கேபிள் வாங்குங்கள்.

அப்புறம் அந்த ஒரு மணி நேரம். ஆட்டோ பவர் ஆஃப் வசதியை அணைக்காமல் விட்டால் நேர்காணலின் நடுவில் படம் கறுத்துவிடும். சில மாடல்களில் லைவ் வியூ அரை மணி நேரத்தில் தானே நின்றுவிடும், அதை முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வேண்டும். பேட்டரியை நம்பாமல், சுவர் பிளக்கில் போடும் டம்மி பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள். சூடும் கவனிக்க வேண்டியது. ஏப்ரலில் சேலத்து அம்மாபேட்டை மாடி அறையில் கொதித்து நின்றுபோகும் கேமரா, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் நாள் முழுக்க ஓடும். ஆனால் மலையில் ஈரப்பதம் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க வைத்துவிடும். கால் முடிந்ததும் கேமராவைத் துணிப்பைக்குள் சுருட்டி அலமாரியில் போடாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள்.

4கே போன்ற மிக உயர்ந்த தெளிவுத்திறன் பற்றிக் கவலையே வேண்டாம். ஜூமில் இருவர் பேசும்போது 720பி படத்துக்கு 1.2 எம்பிபிஎஸ், 1080பிக்குச் சுமார் 3.8 எம்பிபிஎஸ் அப்லோடு வேகம் கேட்கிறது. பல நேரம் அந்த 1080பிகூடக் கிடைக்காது. எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேருவது சுருக்கப்பட்ட படம்தான். இருட்டு அறையில் எடுத்த படத்தில் புள்ளிகள் அதிகம், அது சுருக்கும்போது இன்னும் சிதைந்துபோகும். வெளிச்சம் நன்றாக இருந்தால் சாதாரண வெப்கேம் படமும் தெளிவாகப் போய்ச் சேரும். பின்னணியை மாற்றும் வசதியையும் தவிர்த்துவிடுங்கள். அம்மா தலையில் வைத்திருக்கும் மல்லிகைச் சரத்தை அது பாதி விழுங்கிவிடும். வெளிநாட்டில் இருக்கும் மகள் பார்க்க விரும்புவது அந்தச் சரத்தையும் சேர்த்துத்தான்.

படம் கொஞ்சம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்காவிட்டால் காலே வீண். கேமராவுக்கு இவ்வளவு செய்துவிட்டு மைக்கை லேப்டாப்பிலேயே விடுவது எனக்கு வருத்தமான விஷயம். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர் என்றால் குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் எதிரொலிக்கும். தரையில் ஒரு ஜமக்காளம் விரித்தாலே வித்தியாசம் தெரியும். பக்கத்தில் விசைத்தறி ஓடும் தெருவாக இருந்தால் சட்டையில் மாட்டும் காலர் மைக் கட்டாயம் வேண்டும். வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் தறிச் சத்தம் பின்னுக்குப் போகும். கேப்சர் கார்டு வழியாக வரும் படம் கொஞ்சம் தாமதமாக வரும், தனி மைக்கில் குரல் முந்திவிடும். உதடும் சொல்லும் பொருந்தவில்லை என்றால் ஓபிஎஸ் என்ற வீடியோ மென்பொருளில் ஒலியைச் சில பத்து மில்லி நொடிகள் தள்ளிவைத்து, கை தட்டிப் பதிவு செய்து சரிபார்க்கலாம்.

முக்கியமான கால் இருக்கிறதென்றால் முந்தின நாள் அதே நேரத்தில், அதே இடத்தில் உட்கார்ந்து முழு ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். வெயில் எங்கே வருகிறது, கேமரா எப்போது சூடாகிறது, எந்த மணிக்குப் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு முடிந்தால் லேன் கேபிள் போடுங்கள். கரண்ட் போனால் ரவுட்டரைத் தாங்க ஒரு சின்ன யூபிஎஸ்ஸும், விளக்குக்கு ஒரு பவர் பேங்கும் கையில் இருக்கட்டும். இடி மின்னல் தொடங்கிவிட்டால் கேமராவையும் விளக்கையும் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, போனின் பின் கேமராவில் மீதியைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.