விலாங்கின் புதைபடிவச் செவிக்கல்: இனம் காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லெபனானின் ஹாகெல் சுண்ணாம்புப் பாறைகளில் சுமார் 9.5 கோடி ஆண்டு பழைய விலாங்குகள் எலும்புக்கூட்டோடு கிடைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. மற்ற இடங்களில் பெரும்பாலும் கிடைப்பது உதிர்ந்த செவிக்கல், அதாவது மீனின் உள்செவியில் இருக்கும் சிறு கல், மட்டுமே. அதை வைத்தே இனத்தை முடிவு செய்ய வேண்டியிருப்பதால் அதன் மேற்பரப்பைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

பலரும் அதை மண் கரைக்கும்போதே கெடுத்துவிடுகிறார்கள். செவிக்கல் அராகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் கனிமத்தால் ஆனது. எலும்பையும் பல்லையும் பிரித்தெடுக்க உதவும் அசெட்டிக், ஃபார்மிக் அமிலங்கள் இதை அரித்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடிலும் எச்சரிக்கை தேவை. மண்ணில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலம் உண்டாகும். களிமண்ணை மிதமான சூட்டில் ஈரமே இல்லாமல் உலர்த்தி, சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் பெரும்பாலும் தானாகவே உதிர்ந்துவிடும்.

அடுத்தது சல்லடை. 1 மி.மீ. கண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். விலாங்கு வகையைச் சேர்ந்த அஞ்சாலைகளுக்கு உடல் பெரிது, செவிக்கல் சிறிது. 0.5 மி.மீ. சல்லடையும், முடிந்தால் அதற்கடியில் 0.25 மி.மீ. சல்லடையும் வையுங்கள். இல்லையென்றால் அஞ்சாலைகள் நீரோடு போய்விடும், அந்தக் கடலில் காங்கர் விலாங்குகள் மட்டுமே வாழ்ந்ததாகப் பட்டியல் சொல்லும்.

மீனுக்குச் செவிக்கற்கள் மூன்று இணை. விலாங்கில் நமக்கு வேண்டியது அவற்றில் சஜிட்டா என்ற இணை. கடல் கெளுத்தியில் பெரிதாக வளர்வது லாபில்லஸ் என்ற இன்னொரு இணை. உருண்டு தடித்த அந்தக் கல்லில் சல்கஸ் என்ற நீள்பள்ளம் இருக்காது. பள்ளம் இல்லாத கல்லை விலாங்குத் தட்டில் போடாதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வெளிக்கோட்டைப் பார்த்துப் பெயர் வைப்பது. முட்டை வடிவம் காங்கர் குடும்பத்திலும் உண்டு, விலாங்கோடு நெருங்கிய உறவே இல்லாத ஒஃபிடிடே குடும்பத்திலும் உண்டு. சல்கஸ் உள்ள உள்முகம் மேலே தெரியும்படி கல்லை வைத்து, ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாகச் சாய்ந்த ஒளி விழச் செய்து பாருங்கள். காங்கர் பேரினங்கள் பலவற்றில் சல்கஸின் முன்பகுதியிலிருந்து மேல்விளிம்பை நோக்கி ஒரு வாய்க்கால் ஏறும். அதன் அகலம், எந்த இடத்தில் பிரிகிறது, விளிம்பைத் தொடுகிறதா அதற்கு முன்பே முடிகிறதா என்பவைதான் பேரினத்தைப் பிரிக்கும் அடையாளங்கள். நேர்மேலிருந்து விழும் ஒளியில் இந்த வாய்க்கால் தெரியவே தெரியாது. தேய்ந்த கல்லிலும், வேறொரு மீனின் வயிற்று அமிலம் அரித்த கல்லிலும் அது மங்கிவிடும். அப்போது குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

இடக் கல்லையும் வலக் கல்லையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. மேல்விளிம்பு மேலே, உள்முகம் நம்மை நோக்கி இருந்தால், இடக் கல்லின் முன்முனை நமக்கு வலப்பக்கம் வரும். படத்தில் ஒன்றைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிய பிறகே பக்கத்தில் வையுங்கள். நீள–உயர விகிதம் எடுக்கும்போது கல் சற்றுச் சாய்ந்திருந்தாலும் எண் மாறும், அந்தப் பொய் எண்ணிலிருந்து ஒரு புதிய இனமே பிறந்துவிடும். குஞ்சுகளின் செவிக்கற்களில் இன அடையாளங்கள் முழுதாக உருவாகியிருக்காது. சின்னதும் பெரியதுமாகப் பல கற்களை வரிசையாக வைத்துப் பார்க்காமல், ஒற்றைச் சிறு கல்லுக்குப் புதுப்பெயர் சூட்டாதீர்கள்.

பழைய பட்டியல்களிலும் கவனம் வேண்டும். 1884இல் ஜெர்மானியத் தொல்லுயிரியலாளர் எர்ன்ஸ்ட் கோக்கன் புதைபடிவச் செவிக்கல் ஆய்வைத் தொடங்கிவைத்த காலத்தில் ‘ஓட்டோலிதஸ்’ என்ற பொதுப்பெயரின் கீழ்ப் பல இனங்கள் பதிவாயின. மூல மாதிரியைப் பார்க்காமல் அவற்றை இன்றைய பேரினங்களுக்கு மாற்றி எழுதக் கூடாது.

படமெடுக்க அம்மோனியம் குளோரைடு பூசினால் வேலை முடிந்ததும் கழுவி உலர்த்திவிடுங்கள். ஈரக்காற்றில் அது அமிலத்தன்மை கொண்டு கல்லை அரிக்கும். ஓக் மரப்பெட்டியும் மலிவான அட்டைப்பெட்டியும் கசியும் அமில ஆவியும் இதையே மெதுவாகச் செய்யும். கண்ணாடிக் குப்பியோ அமிலமற்ற அட்டையோ போதும்.