மட்டக்களப்பு நகரில் நேரம் பார்த்துச் சாப்பிடுவது எப்படி

மட்டக்களப்புக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, நல்ல சாப்பாட்டுக் கடை எது என்பதாகும். ஊரவர்களும் தத்தம் உறவினரின் கடையையோ, தாம் வழமையாகத் தேநீர் குடிக்கும் கடையையோ சொல்லி அனுப்பிவிடுவார்கள். வந்தவர் அங்கே போய்ச் சேரும்போது அன்றைக்கு நன்றாக இருந்த பண்டம் முடிந்திருக்கும். இந்த நகரில் கடையைத் தேடுவதைவிட நேரத்தைப் பிடிப்பதே முக்கியம். காலை ஏழு மணிக்கு ஆவி பறக்கும் இடியப்பம் பத்து மணிக்கு வறண்டுவிடும்; மதியம் ஈயாடும் கொத்து ரொட்டிக் கடையில் இரவு எட்டு மணிக்கு நிற்க இடம் இராது. ஆகவே “இந்த நேரத்துக்கு இங்கே என்ன கிடைக்கும்?” என்று கேட்டுப் பழகுங்கள்.

சுற்றுவதற்குப் புளியந்தீவு, கோட்டைமுனை, கல்லடி ஆகிய மூன்று பகுதிகளும் போதுமானவை. பழைய கோட்டை இருக்கும் புளியந்தீவை வாவி சூழ்ந்திருக்கிறது. பாலத்தைக் கடந்தால் கோட்டைமுனையின் கடைத்தெருக்கள். மறுபக்கம் கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் கடற்கரை. வெயில் ஏறுவதற்கு முன்னரும் மாலை ஐந்து மணிக்குப் பின்னரும் நடந்தே பார்க்கலாம், நடுப்பகலில் ஓட்டோ பிடிப்பதே புத்திசாலித்தனம்.

காலை உணவுக்குப் பெரிய கடைகளை நாடாதீர்கள். இந்த நகரின் சிறந்த பிட்டும் இடியப்பமும் பெரும்பாலும் வீடுகளில்தான் அவிகின்றன. ஒழுங்கைகளில் வீட்டுப் படலைக்கு அருகே ஒரு சிறிய மேசையும் அதன்மேல் ஒரு கண்ணாடிப் பெட்டியும் இருந்தால் அங்கே நில்லுங்கள். உள்ளே ஓர் அக்கா இடியப்ப உரலில் மாவைப் பிழிந்து தட்டுத் தட்டாக அடுக்கிக்கொண்டிருப்பார். இடியப்பத்தை எண்ணிக் கடதாசியில் வைத்து, சொதியைச் சிறிய பையில் ஊற்றி, வாயை இறுக்கிக் கட்டி, சம்பலைத் தனியே பொதிந்து தருவார். வெள்ளை மாவிலும் சிவப்பரிசி மாவிலும் இடியப்பம் இருக்கும். தேர்வு செய்யக் கிடைத்தால் சிவப்பையே எடுங்கள். சொதியில் ஊறினாலும் அது குழையாது. பிட்டு வாங்கினால் கறியோடு நிறுத்திவிட வேண்டாம். கொஞ்சத்தை எடுத்து வைத்து, வாழைப்பழமும் சீனியும் தயிரும் சேர்த்துப் பிசைந்து முடிப்பதே இங்குள்ளவர்களின் வழக்கம். குரக்கன் (கேழ்வரகு) பிட்டு எல்லா நாளும் கிடைப்பதில்லை, முதல் நாளே சொல்லிவைத்தால் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள்.

மரக்கறி மட்டும் உண்பவர்கள் இங்கே ஒரு விடயத்தில் கவனமாக இருக்க வேண்டும். சம்பலில் மாசி எனும் உலர்ந்த மீனைச் சேர்ப்பது பரவலான வழக்கமாதலால், “மாசி போட்டதா அக்கா?” என்று கேட்காமல் வாங்கக் கூடாது. தேநீர்க் கடைகளின் ரோல்ஸ், கட்லட் ஆகியவற்றுள் பெரும்பாலும் மீன்தான் இருக்கும். சைவக் கடை என்று பெயர்ப்பலகை உள்ள இடங்களில் இந்தக் கவலை இல்லை. அங்கே காலையில் தோசையும் உழுந்து வடையும் நம்பி உண்ணலாம்.

காலை உணவு முடிந்ததும் மீன் விற்கும் இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், மதியச் சோற்றுக்கு எந்தக் கறியைக் கேட்பது என்பதை அந்தச் சுற்று சொல்லித் தந்துவிடும். வாவி மீனும் கடல் மீனும் தனித்தனிக் குவியல்களாக இருக்கும். வாவி மீனுக்கு ஆதரவாளர்கள் ஒரு பக்கம், கடல் மீனுக்கு ஆதரவாளர்கள் மறுபக்கம் என்று ஊரே பிரிந்து நிற்கும். குழம்புக்கு வாவி மீன், பொரியலுக்குக் கடல் மீன் என்பது என்னுடைய கட்சி. வடகீழ்ப் பருவமழை பெய்யும் நவம்பர் முதல் சனவரி வரையான மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் கடல் மீன் குறைந்து விலை ஏறும்; அப்போது வாவி இறாலையும் நண்டையும் கேளுங்கள். கடையில் உட்கார்ந்ததும் “இண்டைக்கு என்ன மீன் அண்ணன்?” என்று கேட்டுவிட்டு, துண்டின் விலையையும் அதே மூச்சில் கேட்டுவிடுவது நல்லது. சோறும் மரக்கறிகளும் மீண்டும் மீண்டும் பரிமாறப்படும் கடைகளிலும் மீனும் இறாலும் தனிக் கணக்கில் வரும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரை மணிக்கு முன் போய்விட வேண்டும். அலுவலகங்கள் விட்டதும் பார்சல் வாங்குவோர் வரிசை நீளும். கீரைச் சுண்டலும் கூனியும் முதலில் தீரும். கூனி என்பது மிகச் சிறிய இறால். காய்ந்த கூனியைத் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகாயும் சேர்த்து வறுத்தால் ஒரு கரண்டியிலேயே ஒரு கோப்பைச் சோறு இறங்கும். வெளியூர்க்காரர் என்று தெரிந்தால் சில கடைகளில் அதைக் கேளாமல் வைக்கமாட்டார்கள், நீங்களாகக் கேட்டு வாங்குங்கள்.

பிற்பகலைத் தயிருக்கு ஒதுக்கலாம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயலும் மேய்ச்சல் நிலமும் கொண்டது. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை பக்கங்களிலிருந்து எருமைத் தயிர் நகருக்கு வருகிறது. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டதிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குத் தோணியை நம்பாமல் போகலாம். ஆர்வமுள்ளவர்கள் தாந்தோன்றீஸ்வரர் கோயிலை வணங்கிவிட்டு அங்கேயே தயிர் வாங்கி வருகிறார்கள். மண்சட்டி நீரை உறிஞ்சுவதால் தயிர் மேலும் இறுகி நிற்கிறது. எனவே பிளாஸ்டிக் கோப்பையில் அடைத்த தயிரைச் சட்டித் தயிரோடு ஒப்பிட வேண்டியதில்லை. வாங்கும்போது மேலே கட்டிய கடதாசியை விலக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஆடை முழுதாகப் படிந்து, சட்டியைச் சற்றுச் சரித்தாலும் தயிர் அசையாமல் நின்றால் எடுக்கலாம். ஓரத்தில் பச்சை கலந்த நீர் தேங்கி நின்றால் அது முதல் நாளையதோ அதற்கும் முந்தையதோ ஆகும். எப்போது உறையிட்டது என்று கேட்டால் பெரும்பாலான வியாபாரிகள் உண்மையைச் சொல்வார்கள், அவர்களுக்கும் மறுநாள் அதே இடத்தில் விற்க வேண்டியிருக்கிறது. தயிரோடு ஊற்றும் கித்துள் பாணியில்தான் (கித்துள் பனையின் பாகு) ஏமாற்று அதிகம். மலிவாக விற்கும் போத்தல்களில் பல வெறும் சீனிப் பாகு; ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்க்கும்போது புகை கலந்த மணம் வராவிட்டால், தயிரில் சீனியைத் தூவிச் சாப்பிடுவதே மேல்.

மாலையில் கல்லடிக் கடற்கரையில் இறால் வடை, கச்சான், அவித்த கடலை ஆகியவை கிடைக்கும். வடையை எண்ணெயிலிருந்து எடுப்பதைப் பார்த்தபின் வாங்குங்கள். அடுக்கி வைத்தது வேண்டாம்.

இரவு உணவு கொத்து ரொட்டிதான். அது பிறந்ததே மட்டக்களப்பில் என்று இங்கே பலர் உரிமை கொண்டாடுவார்கள். வேறு ஊர்களிலும் அதே உரிமைக் குரல் உண்டு என்பதால் அந்த வழக்கில் இறங்காமல் சாப்பாட்டுக்கு வருவோம். நல்ல கொத்துக்கடைக்கு இரண்டு அடையாளங்கள் உள்ளன. ரொட்டி அங்கேயே வீசிச் சுடப்பட வேண்டும். நீங்கள் சொன்ன பிறகுதான் உங்கள் கொத்து தட்டில் ஏற வேண்டும். ரொட்டித் துண்டுகள், வெங்காயம், கோவா (முட்டைக்கோசு), முட்டை, கறி எல்லாம் இரண்டு தகடுகளின் அடியில் வெட்டுப்படும்போது, ஆணத்தை (கறிக் குழம்பை) எப்போது ஊற்றுகிறார் என்பதைக் கவனியுங்கள். பாதியிலேயே ஊற்றி மீண்டும் கொத்தினால் ரொட்டி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இறக்கும் நேரத்தில் ஊற்றினால் அடியில் குளமாகத் தேங்கும். “ஆணத்தைப் போட்டுக் கொத்துங்க, கொஞ்சம் தனியாவும் தாங்க” என்று சொல்லிவிட்டால் இரண்டு வகையிலும் பயன் பெறலாம். முதல் தடவை கோழிக் கொத்தையே எடுங்கள். சீஸ் கொத்து இளைஞர்களுக்குப் பிடித்திருக்கிறது. என் கணிப்பில் அது கறியின் சுவையை மூடிவிடுகிறது. ஒரு கொத்து இருவருக்குப் போதும் என்பதை வாங்குவதற்கு முன்னரே நினைவில் கொள்ளுங்கள்.

இனிப்புக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள காத்தான்குடிக்குப் போக வேண்டும். பேரீச்ச மரங்கள் நடப்பட்ட அதன் பிரதான வீதியை அடைந்ததும் தொதல் விற்கும் இடத்தை விசாரியுங்கள். வயதில் மூத்த கடைக்காரரை, அண்ணன் என்ற பொருளில், “காக்கா” என்று அழைத்தால் பேச்சு இலகுவாகத் தொடங்கும். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டப்படும் தொதலில், விரலால் அழுத்தினால் எண்ணெய் கசிந்து பள்ளம் மெல்ல நிரம்ப வேண்டும். நெய்ச்சோறு, பிரியாணி ஆகியவற்றுக்கும் அங்கேயுள்ள கடைகளையே நான் பரிந்துரைப்பேன்.

நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். போயா (பௌர்ணமி) தினங்களில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் கிராமங்களில் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்காத வீடுகள் பல. அந்நாட்களில் அங்கே மீன் கறியை எதிர்பார்த்துப் போகக் கூடாது. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் காத்தான்குடிக் கடைகள் அடைக்கப்படும். நோன்பு மாதத்தில் அங்கே பகலில் உணவகங்கள் திறப்பதில்லை என்பதால், நோன்பு துறந்து மஃரிப் தொழுகை முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் புறப்படுங்கள். அதற்கு முன் போனால் கடைக்காரர்களே இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.