பஸ்ஸிலும் ரயிலிலும் நாட்டு எல்லை தாண்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானத்தில் போகிறவருக்குப் பாதி வேலையை மற்றவர்களே செய்துவிடுகிறார்கள். போர்டிங் பாஸ் கொடுப்பதற்கு முன்பே விமான நிறுவனம் விசாவைப் பார்த்துவிடும், இறங்கினால் ஒரே வரிசை, ஒரே கவுன்டர், அதைத் தாண்டாமல் வெளியே போக வழியே கிடையாது. தரைவழி அப்படி இல்லை. ஒரு நாட்டிலிருந்து முறைப்படி வெளியேறுவது ஒரு வேலை, அடுத்த நாட்டுக்குள் முறைப்படி நுழைவது இன்னொரு வேலை, நடுவில் ஒரு பாலமோ, பொட்டல்வெளியோ, மணிக்கணக்கில் போகும் மலைப்பாதையோ இருக்கும். டிக்கெட்டில் இந்த ஊர் முதல் அந்த ஊர் வரை என்று அச்சாகியிருக்கிறதே, நடுவில் உள்ளதையெல்லாம் பஸ்காரர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பதில்தான் முக்கால்வாசிச் சிக்கல் தொடங்குகிறது. பஸ்காரருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. பாஸ்போர்ட்டில் என்ன முத்திரை விழுகிறது, விழவில்லை என்பது முழுக்க உங்கள் தலையில்.

வெளியேறும் முத்திரை வாங்காமலேயே போய்விடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்படி மறக்கும் என்று தோன்றும், ஆனால் சுலபமாக நடக்கிறது. ஈக்வடாரின் வாகியாஸ் ஊரையும் பெருவின் அகுவாஸ் வெர்தெஸ் ஊரையும் பிரிப்பது ஒரு சின்னப் பாலம். இரண்டு பக்கமும் கடைத்தெரு, உள்ளூர் ஜனங்கள் மூட்டையோடு போய்வந்துகொண்டிருப்பார்கள், நீங்களும் அந்தக் கூட்டத்தோடு நடந்து போய்விடலாம். ஆனால் இமிகிரேஷன் அங்கே இல்லை, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் இருக்கும் எல்லை மையத்தில் இருக்கிறது. பன்னாட்டுப் பஸ்ஸில் வந்தால் அங்கே நிறுத்துவார்கள். சிக்கனம் என்று உள்ளூர் பஸ் பிடித்துப் பாலத்தில் இறங்கியவர், கணக்குப்படி ஈக்வடாரை விட்டுப் போகவும் இல்லை, பெருவுக்குள் வரவும் இல்லை. இது அன்றைக்குத் தெரியாது. பல நாள் கழித்து பெருவை விட்டுக் கிளம்பும்போது, நுழைந்த பதிவு எங்கே என்று அதிகாரி தேடும்போதுதான் தெரியும். அதனால் உள்ளூர் வண்டியில் எல்லைக்குப் போகிறீர்கள் என்றால், டிரைவரிடம் எல்லைக்கு என்று சொல்லாதீர்கள், இமிகிரேஷனுக்கு என்று சொல்லுங்கள்.

சில நாடுகளில் வெளியேறும்போது முத்திரை போட ஆளே இருக்க மாட்டார்கள், அதுவும் உண்டு. அமெரிக்காவின் சான் இசிட்ரோவிலிருந்து மெக்சிகோவின் டிஹுவானாவுக்கு நடந்து போகிறவருக்கு அமெரிக்கப் பக்கம் முத்திரை கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் மெக்சிகோ நுழைவு முத்திரையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அங்கிருந்து மேலே போன டிக்கெட்டையும் தூக்கி எறியாதீர்கள். நீங்கள் எந்தத் தேதியில் வெளியேறினீர்கள் என்று பின்னால் ஒருநாள் கேள்வி வந்தால் காட்ட அதுதான் கையில் இருக்கும்.

இரண்டு சாவடிகளும் எதிரெதிரே இருக்கும், நடந்து தாண்டிவிடலாம் என்று கணக்குப் போடுவதும் தப்பு. தாய்லாந்தின் நோங்காயிலிருந்து லாவோஸ் போகும் முதல் நட்புறவுப் பாலத்தில் பாதசாரியாக நடக்க விடமாட்டார்கள், பாலம் தாண்ட மட்டுமே ஓடும் பஸ்ஸுக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். பாகிஸ்தானிலிருந்து குஞ்செராப் கணவாய் வழியாகச் சீனா போவதானால் பாகிஸ்தான் முத்திரை சோஸ்டில், சீன முத்திரை தாஷ்குர்கானில், நடுவில் 200 கிலோமீட்டருக்கும் மேல். அந்த இடைவெளியில் உங்களுக்கு என்ன வாகனம், யாருடையது, எத்தனை மணிக்கு என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சரி, பஸ்ஸுக்கே வருவோம். சிங்கப்பூருக்கும் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கும் நடுவில் ஓடும் பஸ்களில் தினமும் நடக்கும் காட்சி இது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பஸ் நிற்கும், எல்லாரும் இறங்குவார்கள், யாராவது ஒருவர் பையை இருக்கையிலேயே விட்டுவிட்டு பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். அந்த பஸ் அவருக்காக நிற்காது. இறக்கிவிட்டுப் போய்விடும், நீங்கள் இமிகிரேஷன் சோதனை முடித்துக் கீழே வந்து அதே வழித்தடத்தில் அடுத்து வரும் வண்டியில் ஏற வேண்டும், அதற்குப் பழைய டிக்கெட்டையே காட்ட வேண்டும். இரண்டு நாட்டையும் இணைக்கும் காஸ்வே சாலையைத் தாண்டி மறுபக்கமும் இதே கதைதான். ஆகவே இறங்கும்போது உங்களுடையது எல்லாமே உங்களோடு இறங்க வேண்டும், டிக்கெட் கையில் இருக்க வேண்டும், வழித்தட எண்ணும் கம்பெனிப் பெயரும் நினைவில் இருக்க வேண்டும்.

வேறு பல இடங்களில் பஸ் காத்திருக்கும், ஆனால் எவ்வளவு நேரம் என்பது டிரைவரின் பொறுமையைப் பொறுத்தது. மற்ற பயணிகள் எல்லாரும் விசா தேவையில்லாதவர்கள், உங்களுக்கு மட்டும் அங்கேயே விசா எடுக்க வேண்டும் என்றால் நீங்கள்தான் கடைசி ஆள், உங்களுக்காக ஒரு பஸ்ஸே நிற்கும். ஏறும்போதே கண்டக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், நிற்பீர்களா என்று நேராகக் கேளுங்கள். வண்டியின் நம்பர் பலகையை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், ஒரே நிறத்தில் பத்து பஸ் நிற்கும் இடத்தில் அது உதவும். ஆனால் போட்டோவை ஏறும் ஊரிலேயே எடுத்துவிடுங்கள், எல்லைச் சாவடியில் கேமராவைத் தூக்குவது எங்கேயுமே நல்லதல்ல.

அடுத்தது விசா. விசா இருக்கிறது என்பது போதாது, அது அந்த வாசலில் செல்லுமா என்று பார்க்க வேண்டும். வியட்நாம் இ-விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே எந்த வாசல் வழியாக நுழைவீர்கள் என்று கேட்பார்கள், பட்டியலில் உள்ள வாசல்களில் மட்டும்தான் அது செல்லும், மலைப்பாதையில் உள்ள சின்னச் சாவடி எல்லாம் பட்டியலில் இருக்காது. தாய்லாந்துக்கு விசா விலக்கில் வருகிறவர்கள் தரைவழியாக ஒரு காலண்டர் ஆண்டில் இரண்டு முறைதான் பொதுவாக அப்படி நுழையலாம், விமானத்தில் வந்தால் அந்தக் கணக்கு இல்லை. விமான நிலையத்தில் உள்ள வசதி எல்லாம் தரை எல்லையிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

ஒருமுறை நுழைவு விசாவில் இருப்பவர்கள் பஸ் போகும் பாதையை வரைபடத்தில் கோடு கோடாகப் பார்க்க வேண்டும், இதை நான் அழுத்திச் சொல்வேன். குரோவேஷியாவின் ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போவது உள்நாட்டுப் பயணம் போலத்தான் தெரியும். ஆனால் பழைய கடற்கரைச் சாலை நேயும் என்ற இடத்தில் சில கிலோமீட்டர் போஸ்னியாவுக்குள் போய் வருகிறது. 2023 ஜனவரி முதல் குரோவேஷியா ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டில் ஒன்று, ஆகவே போஸ்னியாவுக்குள் நுழைந்தால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு, ஒருமுறை விசா அங்கேயே தீர்ந்துவிடும். 2022 ஜூலையில் திறந்த பெல்யெசாட்ஸ் பாலம் வழியாகப் போகும் வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. டிக்கெட் வாங்கும்போது எந்த வழி என்று கேட்பதற்கு அரை நிமிஷம்தான் ஆகும்.

போர்னியோ தீவிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. கோத்தா கினபாலுவிலிருந்து தரைவழியாக புருனே போகும் பஸ் சபா, சரவாக், புருனே என்று மாறி மாறிப் போகிறது. சபாவுக்கும் சரவாக்குக்கும் மலேசியாவுக்குள்ளேயே தனி இமிகிரேஷன் உண்டு, அதனால் ஒரே நாளில் பாஸ்போர்ட்டில் ஒரு பக்கம் முழுக்க முத்திரையால் நிறைந்துவிடும். காலிப் பக்கம் குறைவாக வைத்திருப்பவர்கள் இந்தப் பாதையில் யோசித்துப் போக வேண்டும்.

ஷெங்கன் பற்றி இன்னும் ஒன்று. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம் என்ற விதியைத் தெரிந்தவர்களே, பழைய தகவலை நம்பி இன்னமும் ருமேனியா, பல்கேரியா போய் அந்தக் கணக்கில் சேராமல் நாட்களைக் கழிக்கலாம் என்று திட்டம் போடுகிறார்கள். 2025 ஜனவரி 1 முதல் அந்த இரண்டு நாடுகளின் தரை எல்லையும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது, அங்கே கழிக்கும் நாளும் அதே 90-க்குள்தான். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் எடுத்துப் பதிவு செய்யும் புதிய முறையும் தொடங்கிவிட்டதால் நாள் கணக்கை இனி கம்ப்யூட்டரே போட்டுவிடும், முதல் முறை பதிகிறவர்களுக்கு எல்லையில் கூடுதல் நேரமும் ஆகும், அடுத்த வண்டிக்கு இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள்.

எந்த வரிசையில் நாடுகளைப் பார்க்கிறோம் என்பதற்கும் விலை உண்டு. அல்பேனியாவிலிருந்தோ வடக்கு மாசிடோனியாவிலிருந்தோ கொசோவோவுக்குள் போய்விட்டு, அங்கிருந்து நேராக செர்பியாவுக்குப் போக முடியாது. கொசோவோவை செர்பியா தன் பகுதியாகவே கருதுவதால், செர்பியச் சாவடி எதையும் தாண்டாமல் நீங்கள் உள்ளே வந்ததாக ஆகிவிடும். செர்பியாவில் தொடங்கி கொசோவோ போய் அதே வழியில் திரும்பினால் பிரச்சினை இல்லை. ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் அப்காசியாவுக்குள் ரஷ்யா பக்கமிருந்து நுழைவது ஜார்ஜியச் சட்டப்படி குற்றம், பின்னால் ஜார்ஜியா போனால் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டிலுமே சாலை இருக்கும், வண்டி ஓடும், ஏறாதீர்கள் என்று தடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

வரைபடத்தில் சாலை இருக்கிறது என்பதற்காக எல்லை திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. மொராக்கோ அல்ஜீரியா எல்லை 1994 முதல் மூடிக் கிடக்கிறது. அஜர்பைஜான் 2020-ல் பயணிகளுக்கு மூடிய தரை எல்லை வருடக்கணக்கில் திறக்கவில்லை. ஃபின்லாந்து 2023 இறுதியில் ரஷ்யாவுடனான சாலைவழி எல்லை வாசல்களை எல்லாம் மூடியது. தனிப் பயணிகள் கூட்டம் கூட்டமாகப் போய்வந்த தாய்லாந்து கம்போடியா எல்லையே 2025 ஜூனில் சண்டையால் பயணிகளுக்கு மூடப்பட்டது. இதற்கு அரசியல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை, ஆண்டிஸ் மலையில் அர்ஜென்டினாவின் மெண்டோசாவிலிருந்து சிலியின் சாண்டியாகோ போகும் கணவாய் குளிர்காலத்தில் பனியால் அடிக்கடி அடைபடும். ஆறு மாதம் முன்பு படித்த தகவலை வைத்துக் கிளம்பாதீர்கள், கிளம்பும் வாரத்தில் அந்த வழியே போய்வந்தவரையோ பஸ் ஆபீஸையோ விசாரியுங்கள்.

நேரக் கணக்கிலும் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். தாய்லாந்திலிருந்து மலேசியாவுக்குள் கால் வைத்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போய்விடும், பெருவிலிருந்து பொலிவியா போனாலும் அப்படியே, கஜகஸ்தானிலிருந்து கோர்கோஸ் வழியாகச் சீனா போனால் மூன்று மணி நேரம். மறுபக்கம் கடைசி பஸ் ஐந்து மணிக்கு என்றால் அது எந்த ஊர் ஐந்து மணி என்று பாருங்கள். பெரும்பாலான சின்னச் சாவடிகள் இரவில் பூட்டப்படும், இரவு பஸ் சீக்கிரமே வந்து சேர்ந்து, வாசல் திறக்கும்வரை இருட்டில் நிற்பதும் உண்டு. முடிந்தவரை காலையில் எல்லைக்குப் போங்கள். ஏதாவது கோளாறு என்றால் சரிசெய்ய முழுப் பகலும் மிச்சம் இருக்கும், வேறு வண்டியும் கிடைக்கும்.

எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்தி, இங்கேதான் விசா எடுக்க வேண்டும் என்று ஒரு கட்டடத்துக்குள் கூட்டிப்போனால் உட்காராதீர்கள். தாய்லாந்து பக்கம், கம்போடியாவின் பொய்பெட் எல்லைக்குப் போகும் வழியில் தூதரகம் போலப் பலகை மாட்டி, கூடுதல் பணம் வாங்கிய இடங்கள் ரொம்பப் பிரபலம். வெளியேறும் முத்திரை வாங்காத வரை உங்களுக்கு விசா விற்கிறவர் அடுத்த நாட்டு எல்லை அதிகாரி இல்லை, இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டால் போதும். இதே வேலை இணையத்திலும் நடக்கிறது. தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றுமே வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் ஒரு வருகை அட்டை நிரப்பச் சொல்கின்றன, மூன்றுமே இலவசம், கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. இதை சிக்னல் இருக்கும்போதே முடித்துவிட்டு, படமாகச் சேமித்து, தங்குமிட முகவரியை ஒரு காகிதத்திலும் எழுதி வையுங்கள். எல்லை தாண்டியதும் சிம் செத்துப்போகும் நேரத்தில்தான் அந்த முகவரியைக் கேட்பார்கள்.

பணம் மாற்றுகிறவர்களிடம் அடுத்த ஊர் போய்ச் சேரவும் ஒரு வேளை சாப்பிடவும் தேவையானதை மட்டும் மாற்றுங்கள். அவர் நீட்டும் கால்குலேட்டரில் பார்க்காமல் உங்கள் போனில் கணக்குப் போடுங்கள், நோட்டை எண்ணி முடிக்கும்வரை உங்கள் பணத்தைக் கையை விட்டு நகர்த்தாதீர்கள். விசாக் கட்டணத்துக்குக் கிழியாத, கறையில்லாத டாலர் நோட்டுகள் சில்லறையாக இருக்கட்டும்.

பையைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. சிலிக்குள் போகும்போது ஒரு ஆப்பிளைக்கூட எழுதிக் கொடுக்காமல் கொண்டுபோனால் அபராதம், சிங்கப்பூரில் வேப் எனும் மின்சிகரெட்டுக்குத் தடை, சிகரெட்டுக்கு வரிவிலக்கே இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் இதைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள் என்று எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

அப்புறம், முத்திரை விழுந்ததும் பாஸ்போர்ட்டை மூடிப் பைக்குள் போடும் அவசரம். கண்டக்டரே எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் அள்ளிக்கொண்டு போய் முத்திரை வாங்கித் தரும் வழித்தடங்களில் இது இன்னும் அதிகம், திரும்பி வந்ததும் அட்டையைப் பார்த்து நம்முடையதுதான் என்று வாங்கி வைத்துவிடுகிறோம். பக்கத்தைத் திறந்து பாருங்கள். பழைய நாட்டின் வெளியேறும் முத்திரை இருக்கிறதா, புதிய நாட்டின் நுழைவு முத்திரை இருக்கிறதா, தேதியும் மாதமும் சரியா, விசா விலக்கில் எத்தனை நாள் எழுதியிருக்கிறார்கள், பக்கத்தில் சொருகிய துண்டுக் காகிதம் ஏதாவது உண்டா. ரஷ்யாவில் தரும் குடியேற்ற அட்டை போன்ற துண்டுகளை வெளியேறும்போது திருப்பிக் கேட்பார்கள். ஏதாவது தப்பாக இருந்தால் கவுன்டரை விட்டு நகராமல் அங்கேயே சொல்லுங்கள், அந்த அதிகாரியே அடித்துவிட்டு வேறு முத்திரை போட்டுத் தருவார். வண்டி ஏறி அடுத்த ஊர் போய்விட்டால் அதே திருத்தத்துக்கு நீங்கள் இமிகிரேஷன் ஆபீஸைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.