ஹீட் கன்: வயரா, பேட்டரியா? முதலில் ட்ரிகரை எத்தனை நிமிடம் அழுத்துவீர்கள் என்று எண்ணுங்கள்

ஹீட் கன், அதாவது ரொம்பச் சூடான காற்றை ஊதும் துப்பாக்கி வடிவக் கருவி, ஒன்று வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது டிகிரிதான். வயர் உள்ளதில் 600 என்று போட்டிருக்கும், பேட்டரியில் ஓடுவதில் 500 என்று போட்டிருக்கும். சரி, பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லையே, எதற்கு வயரை இழுத்துக்கொண்டு அலைய வேண்டும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பேட்டரி கன்னையே வாங்கினேன். வாங்கிய கையோடு ஒரு பழைய கதவின் பெயின்டை உரிக்க ஆரம்பித்தேன். ஒரு பலகை கூட முடியவில்லை, பேட்டரி காலி. சார்ஜ் ஏறும் வரை கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி போட்டால், மறுபடியும் அதே கதைதான். கடைசியில் அந்தக் கதவை முடித்துக் கொடுத்தது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய வயர் கன்.

கன்னைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டியில் போட்டிருந்த டிகிரியை மட்டும் பார்த்து வாங்கியது என் தப்பு.

டிகிரி என்பது வெளியே வரும் காற்று எவ்வளவு சூடு என்பதை மட்டும் சொல்லும். அந்தச் சூடான காற்று எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்லாது. தீக்குச்சியின் சுடரும் நல்ல சூடுதான், அதற்காக அதை வைத்து ஒரு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்க முடியுமா? வேலையை முடிப்பது மொத்தமாகப் போய்ச் சேரும் வெப்பம், அதைச் சொல்லும் எண் வாட். வீட்டில் பயன்படுத்தும் வயர் கன் பெரும்பாலும் 1500 முதல் 2000 வாட் வரை இருக்கும். பேட்டரி கன்னில் அந்த எண்ணைப் பெரிதாகப் போட மாட்டார்கள், ஏன் என்று கொஞ்சம் கணக்குப் போட்டால் புரிந்துவிடும்.

18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் 90 வாட்-ஹவர், அதுதான் அதற்குள் இருக்கும் மொத்தச் சரக்கு. 2000 வாட் கன்னை அதில் ஓட்ட முடியும் என்றே வைத்துக்கொண்டாலும் மூன்று நிமிடம் கூடத் தாங்காது. அதனால் பேட்டரி கன் செய்பவர்கள் வாட்டை நன்றாகக் குறைத்து, மெல்லிய மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்றை மட்டும் விட்டு, அந்தக் கொஞ்சத்தை 500 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். 300, 400 வாட் என்று வைத்துக்கொண்டால் அதே பேட்டரி 13 முதல் 18 நிமிடம் ஓடும். 2 ஆம்பியர்-ஹவர் சின்னப் பேட்டரி என்றால் அஞ்சாறு நிமிடத்தில் முடிந்துவிடும். (20 வோல்ட் மேக்ஸ் என்று போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். அதே ஐந்து செல்தான் உள்ளே இருக்கும், முழுச் சார்ஜில் அளந்தால் 20, ஓடும்போது 18.)

ஆக, வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். கடைசியாக ஹீட் கன் தேவைப்பட்ட ஏழெட்டு வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ட்ரிகரை மொத்தம் எத்தனை நிமிடம் அழுத்த வேண்டி வரும் என்று எழுதுங்கள். வேலைக்கு எடுக்கும் நேரத்தை எழுதாதீர்கள், சூடு ஓடும் நேரத்தை மட்டும் எழுதுங்கள். ஒரே மூச்சில் மூன்று நான்கு நிமிடத்தைத் தாண்டும் வேலைகள் அதிகம் என்றால் வயர், பத்து இருபது நொடிகளில் முடிபவை அதிகம் என்றால் பேட்டரி. இரண்டும் கலந்து வந்தால் முதலில் வயர்தான் வாங்கச் சொல்வேன். வயர் கன் சின்ன வேலையையும் செய்துவிடும், பேட்டரி கன்னால் பெரிய வேலையைச் செய்ய முடியாது.

ஒவ்வொரு வேலையாகப் பார்ப்போம், செய்யும் முறையும் கன்னுக்குக் கன் கொஞ்சம் மாறும்.

ஷ்ரிங்க் ட்யூப்

வயர் இணைப்பின் மேல் மாட்டிச் சூடு காட்டினால் சுருங்கி இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய் இது. பேட்டரி கன் பிறந்ததே இதற்குத்தான் என்று சொல்லலாம். நாம் வழக்கமாகப் போடும் பாலிஒலிஃபின் ட்யூப் 90 டிகிரி வாக்கில் சுருங்க ஆரம்பித்து 120 வாக்கில் முழுசாகப் பிடித்துவிடும். ஒரு ட்யூபுக்குப் பத்துப் பதினைந்து நொடி போதும், அதனால் ஒரு 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் ஐம்பது ட்யூப் போட்டாலும் மிச்சம் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், பல பேட்டரி கன்களில் டெம்பரேச்சர் இரண்டே நிலைகள்தான் இருக்கும், 300, 500 என்பது போல. ட்யூபுக்கு 300 கூட அதிகம், ஆகவே தூரத்தை வைத்துத்தான் சூட்டைக் கட்டுப்படுத்த வேண்டும்: நாலைந்து விரல் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். நடுவில் ஆரம்பித்து இரண்டு ஓரங்களுக்கும் போனால் உள்ளே காற்றுக் குமிழ் சிக்காது. உள்ளே பசை பூசிய ட்யூப் என்றால் சுருங்கியதும் நிறுத்திவிடாதீர்கள், இரண்டு முனையிலும் பசை லேசாகப் பிதுங்கி வெளியே தெரியும் வரை சூடு காட்ட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் புகாது. பாதி வளையம் போல இருக்கும் ரிஃப்ளெக்டர் மூக்கைப் போட்டால் காற்று பின்பக்கமும் சுற்றி வரும், ட்யூபைத் திருப்ப வேண்டியதில்லை.

இதே வேலையை வயர் கன்னில் செய்வதானால் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் டயல் உள்ளதாக இருக்க வேண்டும், கீழே 50 டிகிரியில் ஆரம்பிக்கும் மாடல்கள் உண்டு. டயல் இல்லாத 2000 வாட் கன்னைச் சின்ன சர்க்யூட் போர்டின் பக்கம் கொண்டு போகாதீர்கள், ட்யூபோடு சேர்த்துப் பக்கத்தில் இருக்கும் வயரின் உறையும் உருகிவிடும்.

பெயின்ட் உரிப்பது

வயர் கன்தான், இதில் பேச்சே இல்லை. அகலமான மீன்வால் மூக்கைப் போட்டு, பரப்பிலிருந்து மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பெயின்ட் கொப்பளிக்கும் வரை பொறுங்கள். கொப்பளித்ததும் கன்னை முன்னால் நகர்த்திக்கொண்டே பின்னால் ஸ்கிரேப்பரை ஓட்டுங்கள். இரண்டும் ஒன்றுக்குப் பின் ஒன்று மெதுவாகப் போக வேண்டும், அந்தத் தாளம் கையில் வர ஒரு கால் மணி நேரம் ஆகும், வந்துவிட்டால் பெயின்ட் பட்டை பட்டையாக உரிந்து வரும். தொடர்ந்து சூடு வந்தால்தான் இந்தத் தாளம் தப்பாமல் ஓடும், பேட்டரி கன்னில் இது உடைவதற்குக் காரணமே அந்தத் தொடர்ச்சி இல்லாததுதான். மெல்லிய காற்று ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தை மட்டும் சூடாக்கும், நீங்கள் அடுத்த இடத்துக்குப் போவதற்குள் முன்னது ஆறி மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

ஜன்னல் சட்டம் என்றால் கண்ணாடிக்கு நேராகச் சூடு போகாமல் தடுக்கும் மூக்கு ஒன்று உண்டு, அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி விரிசல் விடும். ரொம்பப் பழைய பெயின்ட் என்றால் ஈயம் கலந்திருக்கலாம். அதைச் சூடாக்கி உரிப்பது விளையாட்டல்ல: சூடு ஏற ஏற ஈயம் புகையாக மேலே வரும், சுரண்டும்போது தூசியாகவும் பறக்கும், குழந்தைகளுக்கு அது ரொம்பக் கெடுதல். ஈயம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள், இருந்தால் கன்னை வைத்துவிட்டு வேறு வழி பாருங்கள். கெமிக்கல் பெயின்ட் ரிமூவர் போட்ட இடத்தில் எந்தக் கன்னையும் காட்டவே கூடாது, தீப்பிடிக்கலாம்.

பிவிசி பைப் வளைப்பது

பிவிசி 80 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பித்துவிடும், எனவே டெம்பரேச்சர் இங்கே பிரச்சினையே இல்லை, வளைக்கப் போகும் நீளம் முழுவதும் ஒரே மாதிரி சூடாக வேண்டும் என்பதுதான் பிரச்சினை. ஒரு முழ நீளத்தைப் பேட்டரி கன்னில் சூடாக்கினால் ஒரு முனை இளகும்போது மறுமுனை ஆறியிருக்கும், வளைத்தால் நடுவில் மடிந்துகொள்ளும். வயர் கன்னில் பைப்பைச் சுழற்றிக்கொண்டே, வளைவு வரும் இடத்தை விடக் கொஞ்சம் கூடுதலான நீளத்துக்குச் சூடு காட்டுங்கள். உள்ளே உலர்ந்த மணலை நிரப்பி இரண்டு முனையையும் அடைத்துவிட்டால் நசுங்காது. நிறம் பழுப்பாக மாறினால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம், புகை வந்தால் உடனே நிறுத்திவிட்டு அந்த இடத்தை விட்டு நகருங்கள். எரியும் பிவிசியில் இருந்து வருவது ஹைட்ரஜன் குளோரைடு, மூச்சுக் குழாயை அரிக்கும் சமாசாரம்.

இறுகிய நட்டு, ஸ்டிக்கர்

ஸ்டிக்கருக்கு இரண்டு கன்னும் போதும், கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே போனால் பசை இளகிவிடும், ஓரத்தைத் தூக்கி மெதுவாக இழுங்கள்.

நட்டு விஷயம் வேறு. சிவப்பு நிற த்ரெட் லாக்கர் (போல்ட் தானாகக் கழலாமல் இருக்க அதன் மரையில் போடும் பசை) போட்டு இறுக்கிய போல்ட்டைக் கழற்ற 250 டிகிரி வாக்கில் சூடு ஏற வேண்டும். அதுவும் காற்றின் சூடு அல்ல, இரும்பின் சூடு. தனியாக நிற்கும் சின்ன போல்ட் என்றால் பேட்டரி கன் சமாளிக்கும். அதே போல்ட் ஒரு பெரிய அலுமினிய பாடியில் இறங்கியிருந்தால் நீங்கள் கொடுக்கும் சூட்டை அந்த பாடி இழுத்து நாலாபக்கமும் பரப்பிவிடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான், ஊற்றும் வேகம் ஒழுகும் வேகத்தை விட அதிகமாக இருந்தால்தான் பானை நிரம்பும். 300 வாட் அங்கே தோற்கும், 2000 வாட் ஜெயிக்கும், இரண்டும் பெட்டியில் ஏறத்தாழ ஒரே டிகிரியைப் போட்டிருந்தாலும்.

வயர் கன்னின் தொல்லைகள்

வயர் கன்னை இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், அதன் கோளாறுகளையும் சொல்ல வேண்டும். ஏணி மேல், வண்டிக்கு அடியில், பிளக் இல்லாத மொட்டை மாடியில் அது பெரும் பாரம். அந்த இடங்களில் எல்லாம் நான் எடுப்பது பேட்டரி கன்தான், வேலையும் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். அப்புறம் எக்ஸ்டென்ஷன் கார்டு. 2000 வாட் கன் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும், 1500 வாட் கன் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர். செல்போன் சார்ஜர் போடும் மெல்லிய எக்ஸ்டென்ஷனில் இதைச் செருகினால் கார்டே ஹீட்டராகிவிடும். தடித்த வயர் உள்ளதாக வாங்குங்கள், உருளையில் சுற்றியிருந்தால் முழுவதையும் அவிழ்த்துப் போடுங்கள், சுற்றியபடியே ஓட்டினால் உள்ளே சூடு தேங்கி உறை உருகும். ஐந்து நிமிடம் ஓட்டியபின் நிறுத்திவிட்டு, பிளக்கைக் கழற்றாமல் அதன் பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் அந்த சாக்கெட்டையோ கார்டையோ மாற்ற வேண்டும்.

கன்னின் வயரைத் தோள் மேல் போட்டுப் பின்பக்கம் விடுவது நல்ல பழக்கம். முன்னால் தொங்கவிட்டால் என்றாவது ஒரு நாள் சூடான மூக்கு அதன் மேலேயே உட்காரும்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை

350 வாட் என்பது 18 வோல்ட்டில் 19 ஆம்பியர். ட்ரில் போல அவ்வப்போது இழுப்பது இல்லை இது, அழுத்தி வைத்திருக்கும் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 2 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பொதுவாக ஒரே வரிசை செல் என்பதால் மொத்தக் கரன்டும் ஒவ்வொரு செல் வழியாகவும் போகிறது, 5 ஆம்பியர்-ஹவரில் பெரும்பாலும் இரண்டு வரிசை, பாரம் பாதியாகப் பிரிகிறது. ஆகவே கையில் இருக்கும் சின்னப் பேட்டரியே போதும் என்று நினைக்காதீர்கள், சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் கெடும். ஓடி முடித்த பேட்டரியைச் சூட்டோடு சார்ஜரில் போடவும் வேண்டாம், கைக்குச் சில்லென்று ஆகட்டும். ஏற்கெனவே அதே கம்பெனியின் ட்ரில்லும் இரண்டு பெரிய பேட்டரியும் வைத்திருப்பவர் வெறும் கன்னை மட்டும் வாங்கினால் நியாயம். பேட்டரி, சார்ஜர் எல்லாம் புதிதாக வாங்கி ஹீட் கன்னில் இருந்து ஆரம்பிப்பது எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது.

நிறுத்துவதில் உள்ள வித்தியாசம்

வயர் கன்னை 500 டிகிரியில் ஓட்டிவிட்டு டக்கென்று ஸ்விட்சை அணைக்காதீர்கள். டயலைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி, ஒரு நிமிடம் வெறும் காற்றாக ஓடவிட்டால் உள்ளே சூடேறும் கம்பிச் சுருள் நிதானமாக ஆறும், நிறைய நாள் உழைக்கும். ஆறும் வரை முதுகைக் கீழே வைத்து மூக்கு மேலே பார்க்க நிற்க வைக்கலாம், பெரும்பாலான வயர் கன்கள் அதற்கென்றே தட்டையான பின்பக்கத்தோடு வருகின்றன. மரத்தில் வேலை செய்திருந்தால், குறிப்பாக இடுக்குகளிலும் ஓட்டைகளிலும் சூடு காட்டியிருந்தால், முடித்து அரை மணி நேரம் கழித்து ஒரு முறை போய்ப் பாருங்கள். உள்ளே தூசி கனன்றுகொண்டே இருந்து பிறகு தீப்பிடிப்பது உண்டு.

பேட்டரி கன்னில் ட்ரிகரை விட்டால் எல்லாம் நின்றுவிடும், பல மாடல்களில் காற்றும் சேர்ந்துதான். பாதுகாப்பு என்று பார்த்தால் நல்லதுதான், கீழே விழுந்தால் தானே அணையும். ஆனால் மூக்கு ஆற ஏழெட்டு நிமிடமாவது பொறுங்கள். கையில் இருப்பது கச்சிதமான சின்னப் பொருள், வயர் இல்லை, சத்தமும் நின்றுவிட்டது, வேலை முடிந்தது என்று அப்படியே டூல் பையில் போடத் தோன்றும். என் பையின் அடியில் காசு அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை இருக்கிறது, இப்போதெல்லாம் கன்னை ஒரு உடைந்த ஓட்டின் மேல் நிற்க வைத்துவிட்டு மற்ற சாமான்களை முதலில் கட்டுகிறேன், கன் கடைசியில்தான் உள்ளே போகும்.