குளிர்காலத்தில் கைக்குழந்தையின் தோல்: அக்கறையால் நேரும் தவறுகள்

குளிர் தொடங்கியதும் குழந்தையின் கன்னம் சொரசொரப்பாகும். கை கால்களில் மெல்லிய செதில் உதிரும். உடனே வீட்டில் எல்லோரும் குளிரை விரட்டக் கிளம்புகிறார்கள். தண்ணீரில் சூடு கூடுகிறது, உடம்பில் இன்னொரு ஸ்வெட்டர் ஏறுகிறது, தொட்டில் ஹீட்டருக்குப் பக்கத்தில் நகர்கிறது. தோலை அதிகம் கெடுப்பது பெரும்பாலும் இவைதான். குளிர்காற்றில் ஈரம் குறைவு. அதையே அறைக்குள் சூடாக்கும்போது இன்னும் வறண்டு, தோலிலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. குழந்தைத் தோலின் மேலடுக்கு பெரியவர்களுடையதைவிட மெல்லியது என்பதால் நீர் சீக்கிரம் வெளியேறிவிடும். அந்த நீரை உள்ளே நிறுத்திவைப்பதுதான் குளிர்காலப் பராமரிப்பின் சாரம்.

குளியலில் நடக்கும் தவறுகள்

சுடுநீர் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பூச்சைக் கரைத்துவிடும். தண்ணீர் 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் போதும். 38-ஐத் தாண்ட வேண்டாம். உள்ளங்கை சூட்டுக்குப் பழகியது, அதை நம்ப முடியாது. முழங்கையையோ மணிக்கட்டின் உட்புறத்தையோ நனைத்துப் பாருங்கள். சூடாகவும் தெரியாமல் குளிராகவும் தெரியாமல் இருக்க வேண்டும்.

தவழத் தொடங்காத குழந்தைக்குத் தினமும் முழுக் குளியல் தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 நிமிடம் போதும். மற்ற நாட்களில் முகம், கழுத்து மடிப்பு, கை, டயபர் பகுதி ஆகியவற்றை வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்துணியால் துடைத்துவிடுங்கள்.

சாதாரண சோப்புக் கட்டியின் காரத்தன்மை பி.ஹெச் என்ற அமில-கார அளவுகோலில் 9, 10 வரை போகும். தோலோ 5.5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை கொண்டது. ஆகவே வாசனை சேர்க்காத, சோப்பு வகையல்லாத மென்மையான க்ளென்சரைத் தேர்ந்தெடுத்து, அழுக்குப் படியும் இடங்களுக்கு மட்டும், குளியலின் கடைசியில் பூசிக் கழுவுங்கள். முதலிலேயே பூசினால் குழந்தை குளியல் முடியும்வரை சோப்பு நீரிலேயே உட்கார்ந்திருக்கும். நுரை பொங்கும் குளியல் திரவங்கள் இந்தப் பருவத்தில் வேண்டவே வேண்டாம்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மடிப்புகளில் மட்டும் ஈரம் துளியும் நிற்கக் கூடாது. மற்ற இடங்களில் லேசான ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் க்ரீமைப் பூசிவிட வேண்டும். உடுப்பு போட்டு, பால் கொடுத்து, பிறகு பூசலாம் என்று தள்ளிப்போட்டால் குளியலில் கிடைத்த ஈரம் காற்றோடு போய்விடும். குளிப்பாட்டும் முன்பே டப்பாவைத் திறந்து கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை, எப்படிப் பூசுவது

லோஷனில் நீர்தான் அதிகம். வறண்ட பருவத்துக்குப் போதாது. கெட்டியான க்ரீம் நல்லது. மிகவும் வறண்ட தோலுக்கு ஆயின்மென்ட் அல்லது பெட்ரோலியம் ஜெல்லி அதைவிட நல்லது. முடி வளரும் திசையில், மேலிருந்து கீழாக, தோல் லேசாகப் பளபளக்கும் அளவுக்குப் பூசுங்கள். அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைபட்டுப் பருக்கள் வரலாம். டப்பாவில் விரலை விட்டு எடுப்பதால் கிருமி சேரும். சுத்தமான கரண்டியால் எடுங்கள். கழுத்து, அக்குள் மடிப்புகளில் கெட்டியாக அப்ப வேண்டாம். இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது: பெட்ரோலியம் ஜெல்லி ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, கணப்பு, விளக்கு அருகே குழந்தையைக் கொண்டுபோகாதீர்கள்.

எண்ணெய் எல்லாம் ஒன்றல்ல. ஆலிவ் எண்ணெயில் அதிகமுள்ள ஒலியிக் அமிலம் தோலின் தடுப்புச் சுவரைத் தளர்த்தும். கடுகு எண்ணெய் எரிச்சல் தரும். பெரியவர்களுக்கான, யூரியாவோ சாலிசிலிக் அமிலமோ கலந்த க்ரீம்களைக் குழந்தைக்குப் பூசக் கூடாது. சளிக்கென்று மார்பில் தடவும் கற்பூரத் தைலத்தை இரண்டு வயதுக்குள் தொடவே வேண்டாம். கற்பூரம் உடலுக்குள் போனால் வலிப்பு வரை கொண்டுவிடும்.

போர்த்துவதில் மிகை

கை கால் சில்லிட்டிருப்பதைப் பார்த்து உடுப்பை அடுக்குகிறார்கள். கைக்குழந்தைக்கு அவை குளிர்ந்திருப்பது இயல்புதான். பிடரியையோ மார்பையோ தொட்டுப் பாருங்கள்: வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தால் சரி, பிசுபிசுத்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். உங்களுக்குப் போதுமான அடுக்குகளைவிட ஒன்று கூடுதல் என்பது நல்ல கணக்கு. தோலைத் தொடும் அடுக்கு பருத்தியாக இருக்கட்டும், கம்பளி அதற்கு மேலே வரட்டும். மிகைச் சூட்டால் வியர்க்குரு வருவது சிறிய தொல்லை. தூக்கத்தில் உடல் அதிகம் சூடேறுவது திடீர் மரணத்துக்கான அபாயத்தைக் கூட்டும் என்பதுதான் பெரிய கவலை. வீட்டுக்குள் உறங்கும்போது தொப்பியும், ஒரு வயதுக்குள் தளர்வான போர்வையும் கூடாது.

ஹீட்டர் காற்று குழந்தை மேல் நேராக அடிக்க வேண்டாம். ஈரப்பதமூட்டி வைத்தால் குளிர் ஆவி வகையே பாதுகாப்பு. தண்ணீரைத் தினமும் மாற்றிக் கழுவாவிட்டால் அது பூஞ்சையை அறை முழுக்கத் தெளிக்கும்.

கன்னம், தாடை, டயபர்

எச்சில் ஊறிய தாடையில் குளிர்காற்று படும்போது தோல் வெடிக்கும். பால் கொடுப்பதற்கும் வெளியே போவதற்கும் முன் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகத் தடவி, எச்சிலை ஒற்றி எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். குளிருக்குப் பயந்து டயபர் மாற்றுவதைத் தள்ளிப்போடுவது இன்னொரு தவறு. பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். மலம் கழித்திருந்தால் உடனே மாற்றுங்கள். சிவந்த இடத்துக்கு ஜிங்க் ஆக்ஸைடு க்ரீம் உதவும். டால்கம் பவுடர் நுரையீரலுக்குள் போகும், அது வேண்டாம்.

வீட்டுக் கவனிப்பு எங்கே முடிகிறது

தோலில் நீர் கசிந்தாலோ, மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, அரிப்பில் தூக்கம் கெட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கூட்டமாகக் கொப்புளங்கள் கிளம்பினால் அன்றைக்கே போங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு க்ரீமை மருத்துவர் சொல்லாமல் பூசக் கூடாது. மெல்லிய தோல் அதை அதிகம் உறிஞ்சிக்கொள்ளும், டயபருக்குள் மூடிய இடத்தில் இன்னும் அதிகமாக.