ஆண்டிறுதி மழைக்குக் காரைத் தயார் செய்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பனி விழாத ஊரில் காரைப் பருவத்துக்குத் தயார் செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நமக்கு அந்த வேலையை வைப்பது வடகிழக்குப் பருவமழை. சிங்கப்பூரில் டிசம்பரில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் மாதம் அதுதான். ஆனால் காரைப் பலவீனப்படுத்துவது அதற்கு முன்பு மாதக்கணக்கில் அடித்த வெயில். டயர், வைப்பர், கதவு ரப்பர் எல்லாம் அதில் காய்ந்து இறுகிவிடும். காய்ந்த சாலையில் அது தெரியாது, முதல் பெருமழையில் தெரியும். தீபாவளி வேலைகள் ஓய்ந்த கையோடு ஒருநாள் இதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

பெரிய தவறு டயரில்தான் நடக்கிறது. டயரின் பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் சட்டத்துக்குப் போதும். மழைக்குப் போதாது. டயருக்கும் சாலைக்கும் நடுவே சிக்கும் நீரை வெளியே தள்ளுவதுதான் அந்தப் பள்ளத்தின் வேலை. ஆழம் குறைந்தால் நீர் போக வழியில்லாமல் டயர் அதன்மேல் மிதக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் சொன்னபடி கேட்காது. 3 மில்லிமீட்டருக்கு இறங்கியதும் மாற்றிவிடுங்கள் என்றே நான் சொல்வேன்.

வார நாளில் எம்ஆர்டி ரயில், வார இறுதியில் மட்டும் கார் என்று இருப்பவர்களுக்கு வேறு சிக்கல். டயர் தேய்ந்திருக்காது, ஆனால் வயதாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். ஐந்தாறு ஆண்டு கடந்திருந்தால், பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பட்டறையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். "இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆயிடுச்சே" என்று இருந்துவிடாதீர்கள். மூன்று வயதாகும்வரை காருக்குப் பரிசோதனையே கிடையாது, பத்து வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான்.

பிடிப்பு கூடும் என்று மழைக்காலத்தில் காற்றைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். காற்று குறைந்த டயர்தான் நீரில் சீக்கிரம் மிதக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவே சரியான அளவு. அதையும் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். விரைவுச்சாலையில் ஓட்டிவந்த சூட்டில் பார்த்தால் காற்று கூடுதலாகக் காட்டும்.

அடுத்து, முன்கண்ணாடி. மழையில் கண்ணாடி மங்கியதும் டிஷ்யூவை எடுத்து உள்ளே துடைக்கிறோம். மங்கல் அப்படியே இருக்கும், ஏனென்றால் நம் ஊரில் பாதி நேரம் அது வெளிப்பக்கத்தில் படிந்திருக்கிறது. குளிர்சாதனக் காற்று கண்ணாடியைச் சில்லிடவைக்க, வெளியே உள்ள ஈரக்காற்று அதன்மேல் நீராகப் படிகிறது. விரலால் உள்ளே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு தெளிவாக விழுந்தால் மங்கல் உள்ளே; ஏசியைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி பொத்தானை மாற்றுங்கள். கோடு விழவில்லையா? மங்கல் வெளியே. வைப்பரை ஒருமுறை ஓட்டி, வெப்பநிலையைக் கொஞ்சம் கூட்டி, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்புங்கள். பலர் குளிரை இன்னும் கூட்டி நேராகக் கண்ணாடியில் அடிக்கிறார்கள், அது நிலைமையை மோசமாக்கும்.

வைப்பர் கீச்சிட்டாலோ கோடு கோடாகத் துடைத்தாலோ மாற்றிவிடுங்கள். அதிகச் செலவில்லை.

திறந்தவெளிக் கார்பேட்டையில் நிறுத்துபவர்கள் பானெட்டைத் திறந்து, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டியைப் பாருங்கள். தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் அங்கே போய் மக்கி, மழைநீர் வடியும் துளையை அடைத்துவிடும். அப்புறம் முன்சீட்டுக் கால்மிதி ஏன் நனைகிறது, கார் ஏன் நாறுகிறது என்று தெரியாமல் தேடிக்கொண்டிருப்போம். கையால் அள்ளிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

விளக்கு விஷயத்தில் இரண்டு தவறுகள். முகப்பு விளக்கு இரவு 7 முதல் காலை 7 வரை கட்டாயம் என்பதால், நண்பகல் மழையில் போட மறந்துவிடுகிறோம். முன்னால் பகல்விளக்கு (பகலில் தானாக எரியும் சிறு விளக்கு) எரிகிறதே என்று நம்ப வேண்டாம், பல கார்களில் அப்போது பின்விளக்கு எரியாது. இன்னொன்று, நான்கு பக்க சிக்னலையும் மினுக்கவிட்டு ஓட்டுவது. நீங்கள் தடம் மாறுவது பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்?

வெள்ளம். மழைக்காலத்தில் மட்டும்தான் வரும் என்றும் இல்லை. 2021 ஆகஸ்ட் 24 அன்று பாசிர் ரிஸ் டிரைவ் 12, தெம்பனிஸ் அவென்யூ 10 சந்திப்பில் நீர் ஏறி, கார்களில் சிக்கியவர்களைக் குடிமைத் தற்காப்புப் படையினர் மீட்டார்கள். சாலையோரக் கல் நீருக்குள் மறைந்திருந்தால் உள்ளே விடாதீர்கள். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்று போகும் வழியில் நீர் உள்ளே போயிருந்தால், நீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து எஞ்சினே போய்விடும்.

கடைசியாக, பள்ளி விடுமுறையில் மலேசியாவுக்கு ஓட்டுபவர்களுக்கு. உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்பதால் அதை எல்லாரும் பார்க்கிறோம். உதிரி டயர் இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? புதிய கார்கள் பலவற்றில் உதிரி டயரே இருக்காது, பஞ்சருக்கு ஒட்டுப்போடும் பெட்டி மட்டும்தான் இருக்கும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் கொட்டும் மழையில் அந்த வேகம் ஆகாது. குவாந்தான், திரங்கானு பக்கம் நவம்பரிலிருந்து ஜனவரி வரை வெள்ள காலம் என்பதால், புறப்படும் காலையில் சாலை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். உங்கள் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேருமா, மலேசியாவிலும் இழுவை வண்டி அனுப்புவார்களா என்று முன்கூட்டியே கேட்டு, உதவிக்கு அழைக்கும் எண்ணைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.